தண்ணீர் வடிந்த கூடம்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த அண்ணன், அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. முதலில் தரையைத்தான் பார்த்தான். தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வாரம்தான் போனில் அவளிடம், "அப்பா ஆசை ஆசையாப் போட்ட தரை. அதுல கை வெச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தியிருந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, சில நாள் முன்பு வரை அந்தச் சலவைக்கல் அப்படித்தான் மின்னிக்கொண்டிருந்தது. வீடு கட்டியபோது அப்பா பாலிஷ் போட்டவரை விடாமல் பிடுங்கி எடுத்து, குனிந்தால் முகம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "கண்ணாடி எதுக்கு? இங்கயே தலை சீவிக்கலாம்" என்பார்.

அந்தப் பளபளப்பே அவருக்கு வினையாக முடிந்தது. நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு, வெளிச்சம் விழுந்த தரை அவர் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரிந்தது. ஆரம்பத்தில் பைஜாமாவை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தார். வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். அப்புறம் ஆழம் கூடிவிட்டது போல. "முங்கிடுவேம்மா" என்று அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். விரிப்புப் போட்டுப் பார்த்தாள். அது மிதக்கிறது என்றார். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்காமல் இருக்க முடியாத மனுஷன், மாசக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தார்.

அண்ணன் வந்து கத்தினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் பாலிஷ்காரரைக் கூப்பிட்டாள்.

"பளபளன்னு ஆக்கத்தாம்மா எல்லாரும் கூப்பிடுவாங்க. இருக்கிற பளபளப்ப எடுக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்று அவர் தலையைச் சொறிந்தார். மெஷினில் சொரசொரப்பான வட்டை மாட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கல் தேய்ந்த மாவும் தண்ணீரும் கலந்து கூடம் முழுக்கப் பாலாக நின்றது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நைசான வட்டால் இன்னொரு தடவை. மெருகு ஏறுவதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். தொட்டால் மழமழவென்றுதான் இருந்தது. கண்ணுக்கு மினுக்கம் இல்லை, ஈரக்காலுக்கு வழுக்கலும் இல்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். வெள்ளைத் தண்ணீர் குழாய்க்குள் போகப் போக அவர் முகம் தெளிந்தது. "வடியுதும்மா. ஆள் வெச்சு எறைச்சியே, நல்லா இருப்பே" என்றார்.

இப்போது சாவுக்கு வந்திருந்த சித்திக்கு வாய் சும்மா இருக்குமா? அண்ணன் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள்.

"ஏன்டி, வேலை நடந்த தரையில வழுக்கித்தான் விழுந்தாராமே?"

"யார் சொன்னா? அவர் விழவே இல்ல சித்தி."

"பின்ன என்னதான் நடந்துச்சு?" என்றான் அண்ணன்.

"நேத்து சாயங்காலம் அடுப்படியில இருந்தேன். திரும்பினா வாசல்கிட்ட நிக்கிறார். பைஜாமாவக்கூடச் சுருட்டல. நாற்காலி போடுன்னார். போட்டேன். தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வம்பளந்தார். டீ கேட்டார். கொண்டு வந்தா, தலை சாய்ஞ்சிருந்துச்சு. நெஞ்சு நின்னு போச்சுன்னு டாக்டர் சொன்னார்."

"யாரும் கையப் பிடிக்கலியா?"

"இல்லண்ணா. தானாத்தான் நடந்து வந்தார்."

அண்ணன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையால் தரையைத் தடவினான். "நல்ல வேளை" என்றான். "நீ என் பேச்சக் கேக்கல."

அவளுக்கு அழுகை வந்தது. அம்மாடி என்று இருந்தது.

தூக்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே வண்டியைத் திருப்பப் போன ஆண்கள் ஈரக்காலோடு உள்ளே வந்து அப்பாவைத் தூக்கினார்கள். முன்னால் அண்ணன்.

"பாத்து, பாத்து! கால் ஈரமா இருக்கு, வழுக்கப் போகுது" என்று சித்தி அலறினாள். எல்லோரும் கட்டைவிரலை ஊன்றி, அடிமேல் அடி வைத்தார்கள்.

"வழுக்காது" என்றாள் அவள். காலையிலிருந்து அவள் சத்தமாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். "தைரியமா நடங்க."

அண்ணன் பாதத்தை முழுசாகப் பதித்து நடந்தான்.