வாத்துக் கொழுப்பு

அலசாயிஸ் சூப்பைத் தொடாமல் கிண்ணத்தை நகர்த்தி வைத்ததும் ஒடீல் நிமிர்ந்து பார்த்தாள். 'நல்லவர்கள்' எனப்பட்ட பழைய மதத்தாரைத் திருச்சபை உயிரோடு எரித்த அதே பிரெனீஸ் மலையடிவாரத்தில், அவர்கள் வழியில் வாழ்வதாக நேர்ந்துகொண்டு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண் துறவிகள் இருவரும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. தனியாக எங்கும் போவதும் கிடையாது.

"ஒடீல், ஒண்ணு சொல்லணும். போன குளிர்ல காய்ச்சல்ல கெடந்தேன்ல? நீ அசந்து தூங்கிட்டே. கீழ்வீட்டு ஃபாபியான் அவரைக்கொட்டை சூப்பு கொண்டாந்தான். வாத்துக் கொழுப்பு போட்டது. மொதக் கரண்டியிலயே தெரிஞ்சுபோச்சு."

"துப்பிட்டீங்கல்ல?"

"வழிச்சுத் தின்னேன்டி. அவ்வளவு ருசி."

ஊரில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ஒடீல் கரண்டியைக் கீழே வைத்தாள். சாகக் கிடப்பவர் தலையில் யோவானின் நற்செய்தியை வைத்து, அதன்மேல் கைவைத்து ஜெபித்தால் அந்த உயிர் இனி எந்த உடம்புக்கும் திரும்பாது. கை வைத்தவள் நோன்பை முறித்துக் கறைபட்டவள் என்றால் எல்லாம் வீண். அந்த உயிர் அடுத்த கருப்பையில் போய் விழும், அது மனுஷியோ மிருகமோ. மீளாத உயிர்கள் எல்லாம் காலங்காலமாக அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கோடைக் கடைசியில் ஒடீலின் தம்பி மார்சியல் செத்தது அலசாயிஸின் கைக்குக் கீழேதான்.

"அடிப்பாவி! ஒரு கிண்ணம் சூப்புக்கு எந் தம்பிய வித்துட்டியே!"

"அவன் மட்டுமில்ல ஒடீல். அதுக்கப்பறம் எங் கைக்குக் கீழ போன எல்லாரும்தான்," என்றாள் அலசாயிஸ்.

கீழே கொட்டகையில் ஆட்டுக்குட்டிகள் கத்தின. ஒரு வாரமாகவே கத்திக்கொண்டுதான் இருந்தன. மார்சியல் செத்து ஐந்து மாதம்; ஆடு சினை சுமப்பதும் ஐந்து மாதம்தான். ஒடீல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே இறங்கி ஓடினாள்.

வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த ஃபாபியான் நிமிர்ந்தான். "என்ன நல்லம்மா, ஒத்தையில? சாமியாருங்களுக்குள்ளயும் சண்டையா?"

"அந்த மூலைக்குட்டி எப்பப் பொறந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். கிடா. பாலே குடிக்க மாட்டேங்கறான் துரை. தேறினா ஈஸ்டருக்கு," என்று கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு வாளியோடு வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் ஒடீல் மெதுவாக, "மார்சியல்," என்றாள்.

கொட்டகை முழுக்கச் சத்தம் நின்றது. மூலைக்குட்டி கால் தடுமாறி எழுந்து, நேராக அவளிடம் வந்து நின்றது. "ஐயோ, எந் ராசா," என்றாள். மிருகத்துக்கு அந்தச் சடங்கைச் செய்யக்கூடாது. செய்தால் அவள் கையும் கறைபடும், அவளுக்கும் மீட்சி கிடையாது. தெரிந்தேதான் மண்டியிட்டாள். பையிலிருந்து நற்செய்திப் புத்தகத்தை எடுத்து அந்த ஈரத் தலைமேல் வைத்து, கையை வைத்து ஜெபத்தைத் தொடங்கினாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டது.

ஜெபம் பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு தலை அவள் முழங்கையை முட்டியது. கிழட்டுத் தாயாடு ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வாசல்வரை வரிசையாக, தள்ளிக்கொள்ளாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு.