லேப்டாப்புக்கு ஒரு சட்டை

அவளை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனி, லேப்டாப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னது. மூடி நடுவில் கொட்டை எழுத்தில் தன் பெயரைப் பொறித்து வைத்திருந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. சமையலறைகளை வரைந்து கொடுப்பது அவள் தொழில். இனிமேல் சொந்தமாகச் செய்யப் போகிறாள். வரும் திங்கட்கிழமை தன் முதல் வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்தால் எதிரே உட்காருகிறவருக்கு வரைபடமா தெரியும்? மூடிதான் தெரியும். துரத்திவிட்டவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு போய் நிற்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மூடியின் மேல் கரும்பச்சையில் ஒரு ஸ்கின், மூடி முழுவதையும் மறைக்கும் ஸ்டிக்கர், ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஸ்டிக்கர் கடைக்குப் போன் போட்டாள்.

“மாடல் சொல்லுங்க மேடம்” என்றாள் கடைப்பெண்.

“மாடல் எதுக்கு? அளவு சொல்றேன், எழுதிக்கோங்க.”

“அளவு வேணாம் மேடம்...”

சுவருக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே நூலிழை இடைவெளி விடாமல் அளந்து பழகியவளிடம் அளவு வேண்டாமாம்! மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டேப்பை எடுத்து மூடியை அளந்தாள், மில்லிமீட்டர் கணக்கில் சொன்னாள், வரவழைத்தாள். நீளம் சரி, அகலம் சரி. ஆனால் லேப்டாப்பின் மூலைகள் வளைந்திருந்தன; ஸ்கின் நான்கு மூலையிலும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கீல் இருக்கும் இடத்தில் வெட்டு இல்லாததால், மூடியைத் திறந்தபோது சுருண்டு கையோடு வந்தது.

“தள்ளு, நான் சொல்றேன்” என்று, அவள் மறுபடி கடைக்குப் போட்ட போனைக் கணவன் வாங்கினான். ஒரு நம்பரைக் கணீரென்று படித்தான்.

“சார், அது சார்ஜர் நம்பர்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால், மாடல் இருக்க வேண்டிய இடத்தின் மேல் கம்பெனி தன் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர் வந்தது, அடியில் இருந்த எழுத்தையும் உரித்துக்கொண்டு வந்தது.

“அனுப்பினதுக்கு அப்புறமும் என் உயிர வாங்குறாங்களே!” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் தாளுக்காக அழுகை வருவது அவளுக்கே கேவலமாக இருந்தது.

“அதுக்குள்ளயே இருக்கும்மா, பாரேன்” என்று கணவன் செட்டிங்ஸைத் திறந்தான். “இந்தா, மேலயே போட்டிருக்கு.”

“அது மாடல் இல்லங்க. என்னோட ஸ்டாஃப் நம்பர்!”

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், மாடல் முழுசாக இருந்தது. கடைப்பெண்ணிடம் போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள்.

“இதத்தான் மேடம் மொதல்லயே கேட்டேன்” என்றாள் கடைப்பெண். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

ஞாயிறு மாலை ஸ்கின் வந்தது. மூலை, கீல், எல்லாம் கச்சிதம். நடுவில் மட்டும், லேப்டாப் தயாரித்தவர்களின் முத்திரை தெரிவதற்காக வட்டமாக ஒரு ஓட்டை. கம்பெனி அந்த முத்திரையின் மேல்தான் தன் பெயரைப் பொறித்திருந்தது. இரண்டு எழுத்துகள் ஓட்டை வழியே அவளைப் பார்த்தன.

கணவன் மெதுவாக அடுத்த அறைக்கு நழுவினான். நின்றிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அவள் குப்பைக்கூடையிலிருந்து முதல் ஸ்கின்னை எடுத்தாள். டேப்பை எடுத்தாள், பிளேடை எடுத்தாள். ஓட்டையை அளந்து, வட்டம் வரைந்து, மூச்சைப் பிடித்து வெட்டி உள்ளே பதித்தாள். விரலால் தடவினால் விளிம்பு தட்டவில்லை.

திங்கட்கிழமை, வாடிக்கையாளர் வீட்டு அம்மாள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க எந்தக் கம்பெனிங்க?”

“கம்பெனி இல்லங்க. நான்தான்.”

அந்த அம்மாள் சமையலறைக் கதவைத் திறந்தாள். “அப்ப வாங்க, வந்து அளந்துக்கோங்க.”

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.