நாலே முக்காலுக்கு வந்த நாளை

1

உலகத்திலேயே நாளையை முதலில் பார்த்தவன் நான்தான். ஒரு முறை அல்ல. முப்பத்தொரு வருடம், வேலை நாள் தவறாமல், மாலை நாலே முக்காலுக்குப் பார்த்தேன். உங்களுக்கெல்லாம் நீங்கள் குறட்டை விடும் நேரத்தில் திருட்டுத்தனமாக வருகிற நாளை, என் மேசைக்கு மட்டும் பட்டப்பகலில் கைகட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

நம்பவில்லையா? சந்தோஷம். நீங்கள் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி எழுதுகிறேன். [இந்த வரியை அடிக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே உளறிவிட்டது.]

கதை பிறந்த இடம் ஒரு தேதி முத்திரை. நான் ஒரு கல்லூரியின் கட்டணப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். படிப்பை விட்டு விலகுகிறவர்கள் தரும் விண்ணப்பத்தில் அன்றைய தேதியைக் குத்துவது என் வேலை. வகுப்பு தொடங்கி நாலு வாரத்துக்குள் வந்தால் கட்டியதில் பாதி திரும்பக் கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும் பூஜ்யம். ஆள் எப்போது வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. முத்திரை எப்போது என்கிறதோ அப்போதுதான் வந்தார்.

ஐந்து மணிக்குக் கதவை மூடுவோம். நான் நாலே முக்காலுக்கே மேசையைத் துடைத்து, பேனாக்களை அடுக்கி, முத்திரையின் சின்னச் சக்கரத்தை நகத்தால் ஒரு பல் தள்ளி, மறுநாள் தேதிக்கு மாற்றி வைத்துவிடுவேன். காலையில் வந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம் பாருங்கள். சுறுசுறுப்பானவன் என்று பெயரே வாங்கியிருக்கிறேன்.

2

தொடக்கம், இரண்டாம் வரைவு: "கடைசி நாள். மாலை ஐந்து மணி நெருங்குகிறது. மழையில் நனைந்தபடி ஒரு பெண்…"

மழை வேண்டாம். அன்று மழை இல்லை. [யாருக்காவது கஷ்டம் வந்தால் உடனே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.]

மூன்றாம் வரைவு: "முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கவுண்ட்டரில் நின்று அழ, கண்ணீர் வெள்ளமாகப் பெருகி, கோப்புகள் மிதக்க, பியூன் பீரோ மேல் ஏறி நின்று…"

இதை என் மனைவி படித்தாள். அவள் வேறு யாருமல்ல, என் பக்கத்துக் கவுண்ட்டர் கேஷியர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வீட்டில் தடுப்பு இல்லாததால் சண்டை வருகிறது. நான் எழுதுவதன் ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதி வைப்பாள்.

"அப்படி ஒரு பொண்ணு வரவே இல்ல," என்றாள்.

"வந்தாளே."

"போன வாரம் பதிவாளர் நாற்காலியோட ஜன்னல் வழியா பறந்து போனார்னு எழுதினவர்தானே நீங்க?"

"பாதி தூரம் பறந்தார்."

"இதுவும் அந்தப் பறவைதான். போய்ப் பாலை இறக்குங்க, பொங்குது."

3

சரி. வெள்ளத்தை வடியவிட்டு எழுதுகிறேன்.

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க சார். பார்த்துக்க என்னை விட்டா ஆள் இல்ல. பாதி ஃபீஸ் வந்துடும்ல? அதைத் தொடாம வச்சிருந்து அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துடுவேன்."

"இன்னிக்குத்தாம்மா கடைசி நாள். கரெக்டா வந்துட்ட," என்று அவளைப் பாராட்டிவிட்டுக் குத்தினேன். விண்ணப்பத்தில் ஒரு டப். அவளுக்குத் தரும் ரசீதில் ஒரு டப்.

(அடிக்குறிப்பு: இந்தக் கதையில் நான் ஊதிப் பெரிதாக்காத சத்தம் இந்த இரண்டும்தான்.)

மறுநாள் விண்ணப்பம் மேலே போய் 'காலம் கடந்தது' என்று திரும்பி வந்தது. அவளும் வந்தாள். பதிவாளர் அவளைத் தன் அறையில் நிறுத்திவிட்டு, என்னையும் கேஷியரையும் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு நேத்தே வந்தேங்குது. சீல்ல இன்னிக்குத் தேதி இருக்கு. எதுய்யா சரி?"

நான் உண்மையைச் சொன்னால் ஒரு மெமோ வரும், ஒரு சம்பள உயர்வு போகும். அது கூடப் பரவாயில்லை. அதற்கு முந்தைய வருடங்களில், கடைசி நாட்களில், நாலே முக்காலுக்குப் பிறகு வந்தவர்கள் மொத்தம் எத்தனை… [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்களும் முடிக்க வேண்டாம்.]

"சீல் பொய் சொல்லாது சார்," என்றேன்.

பதிவாளர் கேஷியரைப் பார்த்தார்.

"நான் கவனிக்கல சார்," என்றாள் என் மனைவி.

4

முடிவு அ: நான் படியிறங்கி ஓடி, தெருமுனையில் அவளைப் பிடித்து, என் சம்பளத்தை அவள் கையில் திணித்தேன். [என் முழங்காலைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.]

முடிவு ஆ: அடுத்த வருடம் சேர்க்கை வரிசையில் முதல் ஆளாக அவள்…

முடிவு இ: அதற்குப் பிறகு பதினோரு சேர்க்கைக் காலங்கள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வரிசையையும் தலையிலிருந்து வால்வரை ஒரு வேலையும் இல்லாதவனைப் போல நடந்து பார்த்தேன். பதினோரு வரிசையிலும் அவள் இல்லை.

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் கொடுத்துவிட்டு நழுவுவதுதான் என் திட்டம். நான் புளுகன் என்பது ஊரறிந்தது. புளுகனின் கதையில் வரும் பெண்ணுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? அதற்குத்தான் இத்தனை வருடமாகப் பதிவாளரைப் பறக்கவிட்டேன்.

5

திட்டம் கெட்டது. நேற்று மத்தியானம், வெள்ளத்தை வடிக்காத பழைய மூன்றாம் வரைவை என் மனைவி மறுபடி கையில் எடுத்தாள்.

"கண்ணீராம். கோப்பு மிதந்துச்சாம்." காகிதத்தை மேசையில் அடித்தாள். "அவ அழவே இல்லங்க."

நான் காகிதத்தை எடுக்கப் போனேன். அவள் விடவில்லை.

"என் பேனாவை வாங்கித்தான் ஃபாரத்தை எழுதினா. மறுநாள் பதிவாளர் ரூம்ல இருந்து வெளிய வரும்போதுதான் ஞாபகம் வந்து பையில இருந்து எடுத்தா. மூடியைச் சரியா போட்டு, 'மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன்க்கா'ன்னு திருப்பிக் கொடுத்துட்டுப் போனா."

"வரவே இல்லன்னு நீதானே…"

சொல்லி முடிக்கவில்லை. அவள் ரப்பரை எடுத்து ஓரத்தில் இருந்த 'பொய்'யைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் காகிதம் கிழிந்தது. [தேய்க்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை நாள்…]

"வந்தா," என்றாள், தலை நிமிராமல். "மணி நாலு அம்பத்திரண்டு. நான் பார்த்தேன்."