கையெழுத்துப் போட்டவள்

மூன்றாவது செக்கும் திரும்பி வந்தபோது, வங்கிக் குமாஸ்தா அதைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டு, "அபராதம் உங்க கணக்குலதான் பிடிப்போம்மா" என்றார்.

கொடுத்தவனிடம் பணமில்லை, அதற்கு வாங்கப்போனவள் தண்டம் கட்ட வேண்டும். இது என்ன நியாயம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுவது அவள் வேலை. பிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்த்து, உடையாமல் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். விரலிடுக்கில் எப்போதும் வெள்ளைப் பொடி. புருஷன் தண்ணீர் மோட்டார் விற்கிறவன். நான்கு வருடம் முன்பு வேறொருத்தியோடு போனான். மகளுக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று கோர்ட் சொன்னதும், நல்ல பிள்ளையாகப் பன்னிரண்டு செக்கை நீட்டினான். முதல் இரண்டு பணமானது. அதோடு சரி.

போன் செய்தால், "வசூல் வரலை, அடுத்த வாரம் போட்டுப் பாரு" என்பான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஃபீஸ் கட்டாததால் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயது மகளின் மார்க் ஷீட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

திரும்பிய மூன்று செக்கையும் வக்கீலம்மாவின் மேஜையில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இது யார் கையெழுத்து?"

"அவருதுதான்."

"நல்லாப் பாரு."

பார்த்தாள். அவனுடைய மோட்டார் கம்பெனி முத்திரைக்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல உருண்டை உருண்டையாக ஒரு பெண்ணின் பெயர். பொழுதெல்லாம் மயிரிழை பார்க்கிற கண்ணுக்கு இது படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கம்பெனி இப்ப அவன் கூட்டிட்டுப் போனவ பேர்ல இருக்கு. இவன்தான் ஓனர்னு நெனச்சு நானும் கோட்டை விட்டேன்" என்றார் வக்கீலம்மா. "செக் கேஸ் போட்டா, கையெழுத்துப் போட்டவங்க மேலதான் பாயும். அவன் கைகட்டி வேடிக்கை பார்ப்பான்."

"போடுங்க" என்றாள். சொன்ன வேகத்தில் உள்ளே ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. என் குடியைக் கெடுத்தவள்தானே, அனுபவிக்கட்டும்.

பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் போனது. ஒன்பதாம் நாள் மத்தியானம், கடை முதலாளி பின்னறைக் கதவைத் தட்டினார். "உன்னைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கு. கையில குழந்தை."

மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். நான்கு வருடமாக மனதில் திட்டித் தீர்த்த ஆள் வேறு. அந்தக் கற்பனையில் அவள் நெடுநெடுவென்று, உதட்டுச் சாயத்தோடு இருந்தாள். வந்து நின்றதோ சோகை பிடித்த ஒரு சின்னப் பெண். தோளில் மூக்கொழுகும் பையன்.

"அக்கா, நான் எதுவும் பண்ணலைக்கா. வரி கட்டணும், செக் புக் முழுக்கக் கையெழுத்துப் போடுன்னாரு. போட்டேன். உங்களுக்குத்தான் தர்றாருன்னு எனக்குத் தெரியாது."

"வெறும் செக்குல கண்ணை மூடிட்டுப் போடுவியா?"

"நீங்க போட்டதில்லையா?"

சுருக்கென்றது. வீட்டுக் கடன் பத்திரத்தில் அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள். அந்த வீடு போனதும் அப்படித்தான்.

"அவர் என்ன சொல்றார்?"

"நோட்டீஸை வாங்கிப் பார்த்துட்டு, உன் பேர்லதானே வந்திருக்கு, நீயே பார்த்துக்கோன்னாரு. கேஸை வாபஸ் வாங்கிக்கோங்கக்கா. ஜெயிலுக்குப் போனா இவனை யார் பார்ப்பா?"

"மோட்டார் கடை அவரோடதுன்னு கோர்ட்டுல வந்து சொல்லு. வாங்கிக்கறேன்."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். "சொன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவாருக்கா."

"அப்ப என் பொண்ணு ஃபீஸுக்கு நான் எங்க போவேன்?"

பையனின் மூக்கைத் துடைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். இவள் திரும்பி வந்து மெஷினை ஓட்டினாள். அன்று இரண்டு லென்ஸ் ஓரம் சில்லு விட்டது. இரண்டின் விலையையும் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கெடுவின் கடைசி நாள், வக்கீலம்மா ஆபீசில் அந்தப் பெண் மூன்று செக்குக்கான பணத்தையும் வைத்தாள். கழுத்தில் சங்கிலி இல்லை. அது கிடந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. இவள் பணத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. மறுநாள்தான் பள்ளிக்கூடத்திலும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள்.

மறுநாள் சாயங்காலம், மார்க் ஷீட்டைத் தடவிக்கொண்டே மகள் கேட்டாள். "அப்பா குடுத்தாராம்மா?"

"ம்" என்றாள்.

அந்த வாரமே அவன் போன் செய்தான். "ஒரு பொம்பளை கழுத்துல கிடந்ததை விக்க வெச்சுட்டியே, இப்பக் குளிர்ந்துச்சா?"

"விக்க வெச்சது நீங்க" என்றாள். அவன் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தான்.

மீதி ஏழு செக் இருந்தது. "ஒண்ணொண்ணாப் போடலாம்" என்றார் வக்கீலம்மா. "பயத்துல அந்தப் பொண்ணு எப்படியாவது கட்டிடும். இதை விட்டுட்டு, பாக்கிப் பணத்துக்கு அவன் மேல நேரா மனு போட்டா, வருஷக்கணக்கா இழுக்கும். யோசிச்சுச் சொல்லு."

ஒரு வாரம் யோசித்தாள். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. இரவில் படுத்தால் அந்த வெளுத்த தோல் கண்ணில் வந்து நின்றது, அவ்வளவுதான். ஏழு செக்கையும் போடாமல் வைத்துவிட்டு, அவன்மேல் மனு கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போனாள். மகளை ஃபீஸ் குறைந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாள். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

ஏழு மாதம் கழித்து மனு விசாரணைக்கு வந்தது. அவன் வரவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்ட குரலுக்குப் பின்வரிசையில் இருந்து எழுந்தது அந்தப் பெண். யாரும் அவளை வரச் சொல்லியிருக்கவில்லை; வீட்டுக்கு வந்த சம்மனில் தேதி பார்த்துத் தானாக வந்திருந்தாள்.

"கடை அவரோடதுதாங்க. கணக்கு வழக்கு எல்லாம் அவர்தான். நான் கையெழுத்து மட்டும்தான்" என்றாள் நீதிபதியிடம்.

"ஆள் இப்ப எங்கே?"

"தெரியாதுங்க. கடையைக் காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு."

பிடிவாரண்ட் போட்டார்கள். முகவரி தெரியாத ஆளுக்குப் போட்ட வாரண்ட் தண்ணீரில் எழுதிய எழுத்து என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் நின்றாள். "கேஸ் போட்டா எனக்கும் ஏதாவது கிடைக்குமாக்கா?"

பொய் சொல்ல வரவில்லை. "கிடைக்கறது கஷ்டம். இருந்தாலும் போட்டு வை" என்று வக்கீலம்மாவின் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்காமல், அந்தப் பெண்ணின் போனிலேயே பதிந்து கொடுத்தாள்.

பிறகு பஸ் பிடிக்க ஓடினாள். மத்தியானத்துக்குள் போனால் அரை நாள் சம்பளமாவது மிஞ்சும்.