அன்னலட்சுமி இறக்கிய எண்ணெய்ச் சட்டி

லாயாங் லாயாங் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் யாருக்கு இடுப்பு வலி கண்டாலும் மருத்துவச்சி அன்னலட்சுமிக்குத்தான் ஆள் வரும். அவளும் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த வட்டாரத்தில் கார் ஓட்டிய பெண் அப்போது அவள் ஒருத்திதான்.

அந்தக் காரின் என்ஜின் ஒரு வாரமாகக் கடகடவென்று இரைந்தது. அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, உள்ளேயுள்ள வடிகட்டியைக் கழுவினால் சரியாகும் என்றான் தோட்டத்து லாரி ஓட்டும் வேலு.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு முற்றத்தில் பழைய ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளின் மேல் காரை ஏற்றினார்கள். எண்ணெயை வடித்து, கண்ணில் பட்ட திருகாணிகளையெல்லாம் கழற்றியாயிற்று. சட்டி இம்மியும் அசையவில்லை. தட்டித் தட்டி அலுத்துப்போன வேலு உளியை எடுத்தான்.

"ஓங்கி ஒண்ணு போட்டா எறங்கிடும்மா."

"பொறு வேலு! விளிம்பு நெளிஞ்சா எண்ணெய் நிக்காது. புதுச் சட்டி சிங்கப்பூரிலயிருந்து வரவேணும். அதுவரைக்கும் பிள்ளைப்பேறு காத்திருக்குமே?"

ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் சிவசம்பு அவளைப் பார்த்துக் குறுக்கிட்டார். "நீர் தள்ளி நில்லும். அவனுக்குத் தெரியாததோ உமக்குத் தெரியப்போகுது?"

அன்னலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாயை விரித்துக் காருக்கடியில் புகுந்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் விளிம்பைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்பக்கம் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல்லாய் இறுகிக் கிடந்தன. சுரண்டினாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பக்கத்திலேயே இன்னொன்று.

"இஞ்சை ரெண்டு ஆணி இருக்கு! ஸ்பானரைத் தா."

"அலமாக்! நான் பாக்கவே இல்லியே," என்று திகைத்தான் வேலு.

அவற்றைக் கழற்றிய பிறகும் என்ஜினுக்கும் சட்டிக்கும் இடையில் ஒட்டியிருந்த தக்கை அடைப்பு விடவில்லை. சட்டி முகத்தில் விழுந்துவிடாமல் முன்பக்கம் இரண்டு ஆணிகளை அரைகுறையாக மாட்டினாள். மெல்லிய கத்தியை இடுக்கில் செலுத்தி, கட்டையால் மெல்லத் தட்டியபடி சுற்றிலும் நகர்த்தினாள். சப்பென்று இறங்கியது சட்டி. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

கைமுட்டி வரை கரியோடு வெளியே வந்தவளை வேலு எழுந்து நின்று பார்த்தான். சிவசம்பு கை துடைக்கத் துவாயை நீட்டினார்.

மறுநாள், வடிகட்டியைக் கழுவிப் பூட்டியதும் இரைச்சல் அடங்கியிருந்த காரில் அவள் ஸ்டேஷனைத் தாண்டிப் போகையில், சிவசம்பு ரயில் கார்டிடம் சொல்வது காதில் விழுந்தது:

"என்ர மனுசிதான் கழட்டினவ. தனியாக் கழட்டினவ!"

கேட்காதவள்போல நேரே பார்த்துக்கொண்டு, ஆளில்லாத வீதியில் ஹாரனை இரண்டு தரம் அழுத்திவிட்டுப் போனாள் அன்னலட்சுமி.