மரியாதைக் கதிரை

வலி மாத்திரை விழுங்கிச் சற்று நேரத்தில் வாவி வீட்டுக்குள் வந்துவிடும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அஸ்கருக்கு இது பழகிப் போயிருந்தது. முதலில் ஜன்னல் திரை ஈரமாகும். பிறகு கட்டில் மெல்ல ஆடும். பிறகு அவர் கட்டிலோடு காத்தான்குடியை விட்டு மேற்கே மிதக்கத் தொடங்குவார். நெஞ்சளவு தண்ணீரில் வலை வீசுகிறவர்கள் திரும்பிப் பார்த்து, "சேர், எங்க போறீங்க?" என்பார்கள். சேர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கனவிலும் முதுகு நிமிரும்.

மிதப்பின் முடிவு மட்டும் மாறாது. இடுப்புக்குள் வைத்த உலோகக் குண்டு சத்தமில்லாமல் கழன்று, நிலவைப் போல வாவியின் மேல் உருண்டு போகும். பின்னால் போக ஒரு கால் எடுப்பார். கால் இருக்காது.

கண் விழித்தால் பக்கத்தில் மனைவி ஜெமீலா.

"திரும்பவும் உருண்டு போச்சா?"

"ம்."

"புடிச்சீங்களா?"

"இல்ல."

"இந்த வயசுல அதுக்குப் பின்னால எதுக்கு ஓடுறீங்க? படுங்க."

ஊருக்கு அவர் சொன்ன கதையில், பொதுக்காரியம் ஒன்றுக்கு விரைந்த வேளையில் விழுந்து இடுப்பை முறித்தார். விழுந்தது என்னவோ குளியலறைச் சவர்க்காரத்தில்தான். உடைந்த எலும்பை எடுத்துவிட்டு மூட்டுக்கு உலோகக் குண்டு வைத்தார்கள். சத்திரசிகிச்சை செய்த கால் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. சிலருக்கு அப்படி வரும் என்றார் டொக்டர். வேறு எவருக்காவது வந்திருந்தால் ஊர் அதை நொண்டல் என்றிருக்கும். அதிபர் ஒரு பக்கமாக உயர்ந்துவிட்டார்.

நடை பழக்க வந்தவள் நாவற்குடா யசோதினி.

"சேர், குந்தக் கூடாது. கால்மேல கால் போடக் கூடாது. பதிவான, தாழ்ந்த கதிரையில இருக்கவே கூடாது. முழங்கால் இடுப்புக்கு மேல வந்தா மூட்டு கழண்டிரும்."

அதிபர் தலையாட்டினார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவருக்கு முன்னால் ஆட்டிய அதே தலையாட்டல்.

அந்த வேளை பார்த்துப் பழைய மாணவர்கள் பாராட்டு விழா வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதையை அளப்பது கதிரையால். சாதாரண ஆளுக்குப் பிளாஸ்டிக். மரியாதை கூடக் கூட இருக்கை மெத்தென்று ஆகி, தாழ்ந்துகொண்டே போகும். உச்ச மரியாதை, வாடகைக் கடையின் சிவப்பு வெல்வெட் சோபா. அதில் அமர்ந்தவரின் முழங்கால் மோவாயை விசாரிக்கும். அதிபர் அமர்ந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். 'இந்தச் சமுதாயத்தின் முதுகெலும்பு' என்று ஒருவர் பேசினார். ஏற்புரைக்கு அதிபர் எழும்ப, இடுப்பில் 'டொக்'. ஒலிபெருக்கிக்கே கேட்டது. முதுகெலும்பைப் பொன்னாடையோடு அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்துப் பொருத்திய டொக்டர் நேராகவே சொன்னார்: "இன்னொருக்காக் கழண்டா திரும்ப வெட்டித் திறக்கணும். ஒங்கட நெஞ்சு தாங்குமெண்டு சொல்ல ஏலாது. நடையும் திரும்பி வராது."

அதற்குப் பிறகுதான் குண்டு கனவில் உருளத் தொடங்கியது.

இன்றைக்குக் கடைக்குட்டி ஷாகிராவின் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலமாக வாசலுக்கு வருவான். பெண்ணின் வாப்பா எழுந்து நின்று, கையைப் பிடித்து அவனை வீட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும். மூத்தவளுக்கு அப்படித்தான் செய்தார். இவளுக்கும் செய்துவிட்டால் போதும். அதற்காகவே மூட்டுக்குப் பயந்து பயந்து கிடந்தார்.

காலையில் ஏறாவூரிலிருந்து சம்மந்தி ஸாஹிர் ஹாஜியாரின் மரியாதை லொறியில் வந்து இறங்கியது. அதே சிவப்பு வெல்வெட் சோபா. கைப்பிடியில் இருந்த கிழிசலைப் பார்த்ததுமே அதிபருக்கு அடையாளம் தெரிந்தது.

"இதுல இருக்காட்டி சம்மந்திக்குக் கொறை" என்றார்.

"இருந்தா ஒங்களுக்குக் கொறை" என்ற ஜெமீலா, வீட்டில் உயரமும் உறுதியும் கைப்பிடியும் உள்ள ஒரே கதிரையைத் தூக்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் எடுக்கச் சொன்ன கொமட் கதிரை.

"கொண்டு போ கா அங்கால! அதிபர் அஸ்கர் கக்கூசுக் கதிரையில இருந்தா மருமகனக் கூப்பிடுற?"

"சட்டியக் கழட்டிட்டன். தேசிக்காய் போட்டுத் தேய்ச்சிருக்கன்."

"ஆக்களுக்குத் தெரியும்."

"ஆக்கள் குனிஞ்சா பாக்கப் போறாங்க?"

தூரத்தில் ஊர்வலத்தின் றபான் கொட்டு ஒலித்தது. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பந்தல் துணி ஈரமாயிற்று, நிலம் மெல்ல ஆடிற்று. சோபா, அந்திச் சூரியன் விழுந்த வாவித் தண்ணீராகச் சிவந்து, வா என்று கிடந்தது. எவ்வளவு மெத்து! அவர் அதை நோக்கிச் சரியத் தொடங்கினார். தண்ணீருக்கடியில் குண்டு புரண்டு, வெளிக்கிட ஆயத்தமானது.

"வாப்பா."

மணப்பெண் சோடனையோடு ஷாகிரா கதவடியில் நின்றாள்.

"நீங்க எதுல இருந்தாலும் எனக்கு ஒண்டுமில்ல. எழும்பி நிண்டாலே காணும்."

அதிபர் பாதி வளைவில் நின்றார். வாவி கணுக்காலைத் தொட்டு அலம்பிக்கொண்டிருந்தது. மெல்ல நிமிர்ந்தார்.

"ஜெமீலா, அந்தப் பொன்னாடைய எடு."

கொமட் கதிரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்குப் போர்த்தியதைவிட அதற்கு எடுப்பாக இருந்தது. ஏறி அமர்ந்தார். முழங்கால் கீழே, இடுப்பு மேலே. பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் வாவியில் மிதக்கும் தாமரை இலைகள் போலத் தெரிந்தன. றபான் நெருங்கியது. மாப்பிள்ளை வாசலில் நின்றான். அதிபர் யசோதினி சொன்னபடி நீண்ட காலை முன்னுக்கு நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, எழும்பினார்.

டொக் இல்லை.

மருமகனின் கையைப் பிடித்தார். ஒரு பக்கம் உயர்ந்த நடையில் அவனை உள்ளே கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்து, பொன்னாடையில் அமர்ந்தார்.

சம்மந்தி வெறும் சோபாவைக் கண்டு முகம் கறுத்தார். பிறகு மரியாதை வீணாகக் கூடாதென்று தானே அதில் அமர்ந்தார். சாப்பாட்டுக்கு எழும்ப இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, தலைக்கு மேலே வீற்றிருந்த அதிபரை அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், இந்தக் கதிரை எங்க எடுத்த? வெளிநாடா?"

"ஸ்பெசலா எடுத்தது."

"எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்களன்."

அதிபர் அரைக்கண் மூடினார். வாவி பந்தலுக்குள் தளும்பிற்று. குண்டு தன் கிண்ணத்துக்குள், தண்ணீரில் தூங்கும் நிலவாக, அசையாமல் கிடந்தது.

ஜெமீலா காதடியில் குனிந்தாள்.

"கேளுங்க. சட்டியோடயா, சட்டி இல்லாமலா?"