பெல்ட் அறுந்த பகல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், ராயபுரத்தில் ஒரு பகல்வேளை அஜீசுன்னிசாவின் தையல் மிஷின் பெல்ட் அறுந்துபோனது. பாயில் படுத்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இமைகள் துடித்தன.

கமாலுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டும் வேலை. இரவு ஷிப்டு. போன மாதம் அவன் இறக்கிய மூட்டைக்கட்டு கயிறறுந்து விழுந்து, கீழே நின்றவனின் கால் நசுங்கிவிட்டது. கயிறு மட்கியிருந்தது, கமால் மேல் தப்பில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வீடு அமைதியானால் போதும், அடிபட்டவனின் அலறல் கமால் காதில் கேட்கும். மிஷின் ஓடினால்தான் கண்ணயர்வான். அதற்காகவே, தைக்கத் துணி இல்லாதபோதும் அவள் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாடி, நின்னுபோச்சு?" எழுந்து உட்கார்ந்த கமாலின் கண்கள் செக்கச்செவேலென்றிருந்தன.

"பெல்ட்டு அறுந்துட்ச்சு. நீ படு, தோ வந்துர்றேன்."

தூங்காதவன் ராத்திரி வின்ச்சில் உட்கார்ந்தால் இன்னொருவன் உயிரே போய்விடுமே! பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்திருந்த ஞானபாக்கியம் இருந்தாள்.

"யக்கா, உன் திரிகையக் கொஞ்சம் குடேன். அவரு தூங்கணும்."

"தூங்குததுக்குத் திரிகையா? என்னளா சொல்லுத?"

விவரம் கேட்டதும் ஞானபாக்கியம் திரிகையைத் தூக்கிவந்து, உளுந்தைப் போட்டுத் தானே சுற்ற உட்கார்ந்தாள். கை வலிக்கும்போது மாற்றிக்கொண்டார்கள். கரகரவென்ற அந்த ஒரே சீரான ஓசையில் கமால் குறட்டைவிடத் தொடங்கினான்.

ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தது.

"எழுப்பலையா?"

"எழுப்னா போயி வின்ச்சுல குந்திக்குவாரு. பயமா கீதுக்கா."

"அப்ப எழுப்பாத."

மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது, வேலை போய்விடுமோ என்று மனம் கிடந்து தவிக்க, அஜீசுன்னிசா சுற்றிக்கொண்டேயிருந்தாள். விளக்கேற்றிய பிறகுதான் கமால் விழித்தான். துள்ளி எழுந்து சட்டையை மாட்டினான்.

"ஏண்டி எழுப்பல?"

"போவாத."

பொத்தானைப் போடமுடியாமல் நின்றவன், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "அந்த வின்ச்சுப் பிடியத் தொடவே பயமா கீதுடி. யாராண்டயும் சொல்லல."

மறுநாள் இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, கிடங்கில் மூட்டை அடுக்கும் பகல்வேலையைக் கொடுத்தார். கமால் பெருமூச்சு விட்டான். அஜீசுன்னிசாவுக்குத்தான் படபடப்பு அடங்கவில்லை. இனி தெருவே அடங்கிக் கிடக்கும் ராத்திரியில் அல்லவா இவனைத் தூங்கவைக்க வேண்டும்?